ஓரக்கல்லில் மூணு சாய்வு

கித்துல் லேன், கட்டுகஸ்தோட்டை
12.01.2025

அன்புள்ள தம்பி முனாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால நாங்க எல்லாரும் சுகம். ஒண்ட சுகத்துக்கும் ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேக்கிறன். என்ட காது முந்தியவிட மந்தம். நீ போன்ல பேசினா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரிக் கேக்குது. அதனால பழையபடி கொப்பித் தாள்ல எழுதுறன், மின்ஹா படமெடுத்து ஒனக்கு அனுப்புவா. "உம்மா வாட்ஸ்அப்புக்குள்ள தபால் கந்தோர் நடத்துறா" எண்டு சிரிக்கிறா. சிரிக்கட்டும், பெத்த மகள்தானே.

நல்ல செய்திய மொதல்ல செல்றன். ஒண்ட மகள் ஷஹ்மாக்கு இடம் முடிவாகிட்டு. மாப்பிள்ளை அக்குரணை, பேர் ஹில்மி. ஹார்ட்வெயார் கடை வெச்சிருக்கிறார், பேச்சு மெது, மனசு தங்கம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சி ஜூலையில எங்கட பள்ளியிலேயே நிக்காஹ். தாயில்லாப் பிள்ளைய இத்தன காலம் நான் வளத்தன். நீ வந்து மாப்பிள்ளைட கையப் புடிச்சி நிக்காஹ் செஞ்சி குடுத்தா என்ட மனசு நெறஞ்சிடும். இப்பவே லீவு கேட்டு வெய்.

மத்தது, எங்கட லேனுக்கு விடிவுகாலம் வருது. மழை பெஞ்சா செருப்பக் கையில தூக்கிக்கொண்டு நடந்தது போதும். கொங்கிரீட் போட்டு, மழைத்தண்ணி ஓடக் காண் கட்டி, ரெண்டு பக்கமும் ஓரக்கல் வெக்கப் போறாங்களாம். மாநகர சபை பாதிக் காசு, லேன்காரர் பாதி. கமிட்டிச் செயலாளர் பக்கத்து வீட்டு வீரையாண்ணன். கூட்ஷெட் பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பரா இருந்த மனுசன், நல்லவர்தான். ஆனாலும் எஸ்டிமேட் எண்டு ஒண்டு வந்தா நல்லவரையும் நாலு கேள்வி கேக்கணும். நான் கேப்பன்.

ஒண்ட படம் ஒண்டு அனுப்பு. அனுப்புற படமெல்லாம் கழுத்துக்கு மேலதான் இருக்குது. மெலிஞ்சிட்டியா என்னமோ.

வஸ்ஸலாம்.
ஒண்ட ராத்தா, பஸீஹா

*

தோஹா
03.02.2025

மதிப்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்க துஆவால நான் நல்ல சுகம். உங்க காதுக்குத்தான் கட்டாயம் கண்டி ஆஸ்பத்திரியில காட்டுங்க, தள்ளிப் போட வேணாம்.

ஷஹ்மாட செய்திய வாசிச்சிட்டு கட்டில்லேயே ஸஜ்தா மாதிரிக் குனிஞ்சன். ராத்தா, நான் பேருக்குத்தான் வாப்பா. பிள்ளைக்கு முடி வாரி விட்டது, காய்ச்சல்ல முழிச்சது, பாடசாலைக்கு கூட்டிக்கொண்டு போனது எல்லாம் நீங்க. இந்தக் கடன அடைக்க என்ட ஹயாத்து நாள் முழுக்கவும் போதாது.

இப்ப நான் லொறி ஓட்டுறதில்ல. கம்பனி ஸ்டோருக்கு மாத்திட்டாங்க, கதிரையில இருந்து செய்ற வேலை. ரூம்ல கல்முனை நஸீப் சமைக்கிறான். அதனால மெலியல்ல.

லேன் வேலை கேட்டு சந்தோசம். சும்மாதான் கேக்கிறன்: ஓரக்கல் எவ்வளவு ஒசரம்? நம்மட கேட்டுக்கு முன்னால இருந்த படி அப்பிடியேதானா? பள்ளிக்குப் போற திருப்பம் இன்னும் அதே செங்குத்துதானா? எழுதுங்க. என்ட பங்குக் காச அனுப்பிட்டன்.

வஸ்ஸலாம்.
உங்க தம்பி, முனாப்

*

தோஹா
03.02.2025

அன்புள்ள வீரையாண்ணனுக்கு,

முனாப் எழுதுறன். நீங்களும் சந்திரிகா அண்ணியும் சுகமா? தினுஷன் திரீவீல் எடுத்திருக்கிறானாம், கேள்விப்பட்டு சந்தோசப்பட்டன்.

அண்ணே, ராத்தாவுக்கு எழுதாதத உங்களுக்கு எழுதுறன். சப்பாத்து கடிச்ச புண் ஒண்டு சீனி வருத்தத்தால ஆறாமப் போய், போன ஒக்டோபர்ல என்ட வலது கால முழங்காலுக்குக் கீழ எடுத்திட்டாங்க. மத்தக் காலும் அவ்வளவு நல்லமில்ல. பொய்க்கால் இப்ப வேணாம் எண்டிட்டார் டொக்டர். சில்லுக் கதிரையிலதான் இருக்கிறன். கம்பனி என்னைக் கைவிடல்ல, ஸ்டோர்ல வேலை தந்திருக்கு. அல்ஹம்துலில்லாஹ், கை ரெண்டும் நல்லா உழைக்குது.

இது ஷஹ்மாவுக்குத் தெரிஞ்சா "வாப்பாவப் பாக்க வேணும், எனக்கு கலியாணம் வேணாம்" எண்டு நிப்பா. அவட கொணம் உங்களுக்குத் தெரியும். ராத்தா கைக் காப்ப வித்திட்டு பிளேன் ஏறி வந்து நிப்பா. ரெண்டும் வேணாம். ஜூலையில வந்து எறங்கின பொறகு தெரியட்டும்.

எனக்கு ஒரே ஒரு ஆசை. நிக்காஹ்வுக்கு நம்மட கேட்டுல இருந்து பள்ளி வரைக்கும் என்ட கையாலேயே சில்ல உருட்டிக்கொண்டு போகணும். நாலு பேர் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போற பயணம் ஒண்டு எல்லாருக்கும் இருக்கு. அதுக்கு எனக்கு இப்ப அவசரமில்ல. அதனால ஓரக்கல் வெக்கக்குள்ள நம்மட கேட்டடியில, திருப்பத்துல, பள்ளி வாசலடியில, மூணு இடத்துல கல்லச் சாய்ச்சி வெக்க ஏலுமா? இத உங்கள்ட்ட அமானிதமா ஒப்படைக்கிறன்.

முனாப்

*

கித்துல் லேன்
10.02.2025

அன்புத் தம்பி முனாப்புக்கு,

வணக்கம். நாங்க சுகமா இருக்கோம். நீங்க சுகம்னு எழுத மாட்டேன், உங்க கடிதத்த மூணு தடவ படிச்சிட்டு வெளிய வந்து சும்மா நின்னேன். சந்திரிகா "என்னங்க, புசல்லாவையில நம்ம ஆளுங்க யாருக்கும் ஏதாவதா"ன்னு கேட்டா. ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டேன். அவகிட்டயும் சொல்லல.

இந்த லேனுக்கு நாங்க குடிவந்த மொத வாரம், யாரு எவருன்னு தெரியாத காலத்துல, உங்க வீட்டுக் கிணத்துல தண்ணி எடுத்துக்கன்னு சொன்னது நீங்க. அத நான் மறக்கல. மூணு சாய்வையும் எஸ்டிமேட்ல சேத்துட்டேன். சபைக்காசுல அது வராதாம், லேன்காரங்க பங்குலதான் போகணும். மத்தவங்க கேட்டா நான் சமாளிச்சிக்கிறேன். உங்க அமானிதம் எங்கிட்ட பத்திரமா இருக்கும்.

உடம்பப் பாத்துக்கங்க. இனிப்பத் தொடாதீங்க.

இப்படிக்கு,
வீரையா

*

கித்துல் லேன்
09.03.2025

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பெல்லாம் நல்லாப் போகுதா? ஒனக்கு சீனி இருக்குது, டொக்டர்ட்ட கேட்டுப் புடி. நாங்க சுகம், ஆனா எனக்குப் பத்திக்கொண்டு வருது. கேளு.

மத்ரஸா மண்டபத்துல கூட்டம். வீரையாண்ணன் எஸ்டிமேட்ட வாசிச்சார். கொங்கிரீட் சரி, காண் சரி. கடைசியில "ஓரக்கல்லில் மூன்று சாய்வு" எண்டு ஒரு செலவு! அது எங்க எண்டு பாத்தா, மொதலாவது நம்மட கேட்டுக்கும் அவர்ட கேட்டுக்கும் நடுவுல. மனுசன்ட மகன் தினுஷன் புதுசா திரீவீல் எடுத்திருக்கிறான். எனக்கு வெளங்காதா? மகன்ட திரீவீல் வீட்டுக்குள்ள ஏற லேன்ல இருக்கிற எல்லாரும் காசு குடுக்கணுமாம்! மத்த ரெண்டு சாய்வும் சும்மா கண்துடைப்பு.

நான் எழும்பிக் கேட்டன். எனக்குக் காது கேக்காததால மெதுவாப் பேசத் தெரியாது, ஒனக்குத் தெரியும்தானே. மண்டபம் மட்டுமில்ல, மேல் ரோட்டுக்கே கேட்டிருக்கும். "சாய்வு எதுக்கு, யாருக்கு, ஒரு காரணம் செல்லுங்க" எண்டன். அந்த மனுசன் வாயே தொறக்கல்ல. எஸ்டிமேட் பைல மூடிக்கொண்டு நிலத்தப் பாத்துக்கொண்டு நிண்டார். காரணம் இருந்தா செல்லியிருப்பார்தானே? கை தூக்கச் சொல்லி சாய்வு மூணையும் வெட்டிட்டம். வெளிய வரக்குள்ள எல்லாரும் எனக்கு ஸலாம் செல்லி, "ராத்தா நீங்கதான் சரியான ஆள்" எண்டாங்க.

வருசா வருசம் நோன்பு தொடங்கின நாள்ல இருந்து அவங்கட வீட்டுக்கு ஒரு பானை கஞ்சி போகும். பானைய சந்திரிகா ஒரு நாளும் வெறுமையாத் திருப்பி அனுப்ப மாட்டா, முறுக்கோ வாழைப்பழமோ இருக்கும். இந்தக் கூட்டத்துக்குப் பொறகு நான் கஞ்சி அனுப்பல்ல. மின்ஹா மொகத்தத் தூக்கி வெச்சிருக்கிறா. இருக்கட்டும்.

ஒண்ட காசும் அதுக்குள்ள இருக்குதுதானே. நான் காப்பாத்தித் தந்திருக்கிறன், சந்தோசமா?

வஸ்ஸலாம்.
ராத்தா

*

கித்துல் லேன்
20.03.2025

அன்புத் தம்பி முனாப்புக்கு,

வணக்கம். உடம்பு எப்படி இருக்கு? அக்கா எழுதியிருப்பாங்க. மன்னிச்சிக்கங்க தம்பி, என்னால முடியல. காரணம் கேட்டாங்க, எங்கிட்ட காரணம் இருந்துச்சு, ஆனா அது என்னோடது இல்ல. அதனால வாயத் தொறக்கல.

அக்கா மேல எனக்குக் கோவம் கெடையாது. அவங்க கேட்டது நியாயமான கேள்வி. கேள்வி கேக்க ஆள் இல்லாத எடத்துல காண் பாதியிலயே நின்னு போகும், நான் எத்தனையோ பாத்துட்டேன். என்ன, தினுஷன்தான் "நான் என்னப்பா பண்ணினேன்"னு கேக்கிறான். சந்தையில ரெண்டு பேரு அவனப் பாத்து "சாய்வு"ன்னு கூப்பிட்டுச் சிரிச்சாங்களாம். கஞ்சிப் பானை வராததுல சந்திரிகாவுக்கு மனசு சரியில்ல.

அடுத்த மாசம் கல்லு வைக்கிறாங்க. நீங்க சரின்னா ஒரே வார்த்தையில எல்லாத்தையும் சொல்லிடலாம். வேணாம்னா பேசாம இருக்கேன். உங்க முடிவு.

இப்படிக்கு,
வீரையா

*

கித்துல் லேன்
25.04.2025

அன்புள்ள தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பும் போச்சி, பெருநாளும் போச்சி, ஒண்ட கடிதத்தக் காணல்ல. "பெருநாள் முபாரக்" எண்டு ஒரு வரிதான் மின்ஹாட போனுக்கு வந்திச்சி. சுகமா இருக்கிறியா? நஸீபுக்குப் போன் போடச் சொன்னன், அவன் "நல்லம், நல்லம்" எண்டு வெச்சிட்டானாம்.

லேன் முடிஞ்சிட்டு. பளபள எண்டு இருக்கு. ஓரக்கல் என்ட முழங்கால் பாதி ஒசரம், தண்ணி ஒரு சொட்டும் உள்ள வராது. மாஷா அல்லாஹ். மூலை வீட்டு டிலானி டீச்சர்ட அம்மாதான் கல்லு வெச்ச நாள்ல இருந்து வெளிய வரல்ல, ஏறி எறங்கக் கஷ்டமாம்.

வீரையாண்ணன் என்னைக் கண்டா முந்தின மாதிரியே "சுகமாக்கா" எண்டு கேக்கிறார். ஏசினா நானும் ஏசலாம். அந்த மனுசன் சிரிக்கிறது எனக்கு முள்ளு மாதிரிக் குத்துது.

தம்பி, ஷஹ்மாட சாரிக்கு நீ அனுப்பின காசு வந்திச்சி. ஆனா நீ ஏன் பேசல்ல? நான் ஏதும் பிழை செஞ்சிட்டனா? செஞ்சா மொகத்துக்கு நேரா செல்லு. நான் ஒண்ட ராத்தா.

பஸீஹா

*

தோஹா
08.05.2025

மதிப்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கதிரையில இருந்துகொண்டு வாசிங்க. மின்ஹாவப் பக்கத்துல வெச்சிக்கொள்ளுங்க.

எனக்கு வலது கால் இல்ல, ராத்தா. ஒக்டோபர்ல எடுத்தாங்க. சீனிப் புண். நான் சில்லுக் கதிரையில இருக்கிறன். அந்த மூணு சாய்வும் எனக்கு. ஷஹ்மாட நிக்காஹ்வுக்கு நான் பள்ளிக்குப் போக.

வீரையாண்ணன்ட்ட நான்தான் கேட்டன். உங்கள்ட்ட செல்ல வேணாம் எண்டும் நான்தான் செல்லிட்டன். அவர் அமானிதத்தக் காப்பாத்தினார். கல் வெக்க முந்தி "ஒரு வார்த்தை செல்லவா" எண்டும் கேட்டிருந்தார். நான் பயத்துல பதில் எழுதல்ல. பிழை என்னோடது. கள்ளன் மாதிரி எல்லாருக்கும் முன்னால நிண்ட அந்த மனுசனுக்கு என்ட வாயாலதான் பேர் திரும்பக் கெடைக்கணும். அதுக்காகத்தான் இத எழுதுறன்.

நீங்க கேள்வி கேட்டது பிழையில்ல. எனக்காகத்தான் கேட்டீங்க, என்ட காசக் காப்பாத்த. அழ வேணாம். ஷஹ்மாட்ட நீங்களே செல்லுங்க. உங்க பேச்சத்தான் அவ கேப்பா.

உங்க தம்பி, முனாப்

*

அடுத்த வீடு
11.05.2025

மரியாதைக்குரிய வீரையாண்ணனுக்கு,

மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு கடிதம் எழுதுறன் எண்டு சிரிக்க வேணாம். வாயால சொன்னா லேனுக்கே கேக்கும். உங்களப் பிழையா சொல்லக்குள்ள கேட்டது போதும், மன்னிப்பாவது உங்களுக்கு மட்டும் கேக்கட்டும் எண்டு நெனச்சன். பொறகு யோசிச்சன், அதுவும் சரியில்ல. பிழைய எங்க சொன்னனோ அங்கேயேதான் மன்னிப்பும் கேக்கணும். வாற ஞாயித்துக்கெழம கூட்டம் வைங்க.

என்ட தம்பிக்கு நீங்க செஞ்சத அவன்ட கூடப் பொறந்தவள் நான் செய்யல்ல. அல்லாஹ் உங்களுக்கும் உங்க பிள்ளைக்கும் நெறய பரக்கத் செய்யணும். தினுஷன்ட்ட நான் தனியா வந்து பேசுறன்.

நோன்பு இல்லாத மாசம்தான். இருந்தாலும் பானையில கஞ்சி இருக்கு. இந்த வருசத்துக் கணக்கு.

பஸீஹா

(அதே தாளின் பின்பக்கத்தில், வீரையாவின் எழுத்தில்)

கஞ்சி கெடச்சிதுக்கா. மூணு பேரும் குடிச்சோம். உப்பு கொஞ்சம் கம்மி. அழுதுகிட்டே காய்ச்சினா கூடவுல்ல இருக்கணும்? ஞாயித்துக்கெழம கூட்டம் வெச்சாச்சு. பானைய சந்திரிகா இப்ப தரமாட்டாளாம், வெறுமையா அனுப்பிப் பழக்கமில்லேங்குறா.

*

கித்துல் லேன்
15.06.2025

என்ட தங்கத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒண்ட கடிதம் வந்து நாலு நாள் நான் சாப்பிடல்ல, அத இப்ப எழுதப் போறதில்ல. நீ வந்தா ஒரு அறை இருக்கு. கால் இல்லாததுக்கு இல்ல, எனக்கு செல்லாததுக்கு.

கூட்டத்துல எழும்பினன். அதே மண்டபம், அதே தொண்டை. "நான் கேட்ட கேள்விக்கு மறுமொழி வந்திருக்கு" எண்டு ஒண்ட கடிதத்த மின்ஹாட கையில குடுத்து வாசிக்கச் சொன்னன். அவள் பாதியில நிண்டிட்டாள், மிச்சத்த ஷஹ்மா வாங்கி வாசிச்சி முடிச்சாள். பொறகு நான் வீரையாண்ணன்ட பக்கம் திரும்பி, எல்லாரும் பாக்க, மன்னிப்புக் கேட்டன். அந்த மனுசன் "விடுங்கக்கா, அடுத்த விசயத்துக்குப் போவோம்" எண்டு பைலத் தொறந்தார். டைம்கீப்பர்தானே, நேரம் போகுதாம்.

டிலானி டீச்சர் எழும்பி, "எங்க அம்மாவுக்கும் அந்தச் சாய்வு வேணும், அன்னிக்கு நானும் கை தூக்கினேன்" எண்டா. அப்பிடியே ஒவ்வொருத்தரா. ஒருத்தருக்குக் கைக்குழந்தை வண்டில், ஒருத்தருக்கு முழங்கால் வருத்தம். போன ஞாயிறு மூணு சாய்வும் வெக்க எல்லாருமாச் சேந்து சிரமதானம் வெச்சம். ஹில்மி மாப்பிள்ளை அக்குரணையில இருந்து கடைச் சீமெந்தும் கல்லுப் பெயர்க்கிற அலவாங்குமா வந்து எறங்கினார், நாம கூப்பிடவே இல்ல. ஷஹ்மா அவர்ட்ட வாப்பாட விசயத்தச் சொல்லி, "ஒங்களுக்கு விருப்பமில்லாட்டி இப்பவே செல்லுங்க" எண்டு கேட்டாளாம். "மாமா எந்த வழியால வாறார் எண்டு மட்டும் காட்டுங்க" எண்டாராம் பிள்ளை. தினுஷன் கல்லும் மணலும் எல்லாம் அந்தத் திரீவீல்லதான் ஏத்தினான். ஒரு சதம் வாங்கல்ல.

பள்ளியில இருந்த சில்லுக் கதிரைய எடுத்து, வீரையாண்ணன அதுல இருக்க வெச்சி, நான் கேட்டுல இருந்து பள்ளி வரைக்கும் தள்ளிப் பாத்தன். திருப்பத்துல கொஞ்சம் முட்டிச்சி. மேசன் பாஸக் கூப்பிட்டு அதத் திரும்பக் கொத்த வெச்சன். சீமெந்து எத்தன மூட்டை போச்சி எண்டும் கேட்டன். என்ன, கேள்வி கேக்கிறத விட்டிருவன் எண்டு நெனச்சியா?

ஷஹ்மா கலியாணம் வேணாம் எண்டு செல்லல்ல. "வாப்பா வரட்டும்" எண்டாள், அவ்வளவுதான். வா தம்பி. கழுத்துக்குக் கீழயும் சேத்து வா.

ராத்தா

*

கித்துல் லேன்
20.07.2025

கமிட்டிச் செயலாளர் வீரையாண்ணனுக்கும் லேன்காரர் எல்லாருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம், ஆயுபோவன். நான் வீட்டுல சுகமா இருக்கிறன். நேரா வந்து செல்ல நெனச்சன், வாயத் தொறந்தா அழுகை வருது. அதனால நானும் ராத்தா மாதிரி எழுதுறன்.

நிக்காஹ் அண்டைக்கு "யாரும் தள்ள வேணாம்" எண்டு கேட்டடியிலயே செல்லிட்டன். ஒருத்தரும் தள்ளல்ல. நான் உருட்டினன். திருப்பத்துல மூச்சு வாங்கி நிண்டன். பின்னால ஒரு சத்தமும் இல்லாததால எல்லாரும் பள்ளிக்குப் போயிட்டாங்க எண்டு நெனச்சித் திரும்பிப் பாத்தன். லேன் முழுக்க ஆள். மாப்பிள்ளை வீட்டார், டிலானி டீச்சர்ட அம்மா, தினுஷன், எல்லாரும் நிக்கிறாங்க. ஒருத்தர் கூட என்னை முந்திப் போகல்ல. நான் நிண்டா நிக்கிறாங்க, நான் உருட்டினா நடக்கிறாங்க. பள்ளி வாசல் வரைக்கும் அப்பிடியே வந்தாங்க.

மாப்பிள்ளைட கையப் புடிக்கக்குள்ள என்ட உள்ளங்கையெல்லாம் சில்லு உருட்டின கறுப்பு. தொடைக்கப் போனன். ஹில்மி விடல்ல, அப்பிடியே இறுக்கிப் புடிச்சார். அந்தக் கறுப்போடதான் என்ட மகள ஒப்படைச்சன்.

உங்க எல்லாருக்கும் நான் கடமைப்பட்டவன். அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரணும். கமிட்டிக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்து மேல் ரோட்டுக் காண் வேலை தொடங்கக்குள்ள என்ட ராத்தாவ எஸ்டிமேட் பாக்கிற ஆளாப் போடுங்க. அவ எப்பிடியும் கேக்கத்தான் போறா.

இத எழுதி முடிக்கக்குள்ள சந்திரிகா அண்ணி வந்தா. கஞ்சிப் பானை திரும்பி வந்திருக்கு, உள்ள சக்கரைப் பொங்கல். எனக்கெண்டு சீனி போடாம ஒரு சின்னக் கிண்ணம் தனியா. ராத்தா மூடியத் தொறந்து பாத்திட்டு, "முந்திரி இவ்வளவு எதுக்கு, என்ன விலை விக்கிது" எண்டு அண்ணிட்ட கேக்கிறா. அண்ணி சிரிக்கிறா. ராத்தாவுக்கு அது கேக்காது, ஆனா அவவும் சிரிக்கிறா.

நன்றியுடன்,
முனாப்